ஆடு முன்னங்காலைத் தூக்கிய கணக்கு



போன வாரம் முழங்கால் வலியைப் பற்றி இரண்டு வரி எழுதியதற்கு இத்தனை பேர் விசாரிப்பீர்கள் என்று நினைக்கவில்லை. வலி இப்போது பரவாயில்லை. மாடிப்படி ஏறுவதில்லை, அவ்வளவுதான். பெங்களூரிலிருந்து எண்ணெய் அனுப்பிய மருமகளுக்கு நன்றி.

இன்றைக்குக் கொஞ்சம் நீளமான பதிவு. கணக்குப் பாடமும் உள்ளே வருகிறது. ஓடிவிடாதீர்கள், பரீட்சை வைக்க மாட்டேன். கைபேசியில் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாற்றி மாற்றித் தட்ட என் விரலுக்குப் பொறுமை இல்லாததால் எக்ஸ், ஒய் என்று தமிழிலேயே அடிக்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி, கோயம்புத்தூரில் இருக்கும் என் மகள் வீடியோ காலில் வந்தாள். அவளுக்குப் பின்னால் பேத்தி, முகமெல்லாம் வீங்கி உட்கார்ந்திருந்தாள். ஒன்பதாம் வகுப்பு. மறுநாள் கணக்கில் டெஸ்ட். பாடம், இரு மாறிகளில் அமைந்த நேரியல் சமன்பாடுகள், அதில் பிரதியிடல் முறை. "அப்பா, நீங்களே சொல்லிக்குடுங்க, நான் சொன்னா இவ கத்தறா" என்று போனை அவள் கையில் கொடுத்துவிட்டு மகள் போய்விட்டாள்.

"என்ன கண்ணு புரியலை?"

"எல்லாமே புரியலை தாத்தா."

இந்தப் பதிலை முப்பத்து நாலு வருஷம் கேட்டவன் நான். எல்லாமே புரியவில்லை என்று சொல்லும் பிள்ளைக்கு ஒரே ஒரு இடம்தான் புரிந்திருக்காது. அந்த இடத்தைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. நோட்டைக் காட்டச் சொன்னேன். முதல் சமன்பாட்டிலிருந்து ஒய்யைத் தனியாகப் பிரித்து ஒழுங்காகவே எழுதியிருந்தாள். அடுத்த வரியில் நின்றுவிட்டாள்.

"இங்க ஏன் நின்னுட்டே?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள்: "ஒய் இருக்கிற எடத்துல வேற ஒண்ணை எப்படித் தாத்தா தூக்கிப் போடலாம்? அது தப்பில்லையா?"

எவ்வளவு நல்ல கேள்வி பாருங்கள். நான் வேலையில் இருந்த காலத்தில் இந்தக் கேள்வியை ஒரு பிள்ளைகூட என்னிடம் கேட்டதில்லை. கேட்க நான் இடம் கொடுத்ததில்லை என்பதுதான் சரி. "ஒய்யின் மதிப்பை இரண்டில் பிரதியிட" என்று கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவேன்.

அவளிடம் சொன்னேன்: "உங்க அம்மாவை நான் எப்படிச் சொல்லுவேன்? என் மகன்னு சொல்லுவேன். நீ அம்மான்னு சொல்லுவே. உங்க அப்பத்தா மருமகன்னு சொல்லுவாங்க. நான் போன் பண்ணி 'என் மக சாப்பிட்டாளா'ன்னு கேட்டாலும், 'உங்க அம்மா சாப்பிட்டாளா'ன்னு கேட்டாலும் சாப்பிட்ட ஆள் ஒருத்திதானே? ஒய்ங்கறது ஒரு பேரு. இருபதுல எக்ஸ் போக மீதிங்கறது அதே ஆளுக்கு இன்னொரு பேரு. நீ ஆளை மாத்தலை கண்ணு. கூப்பிடுற பேரைத்தான் மாத்தறே."

முகம் கொஞ்சம் தெளிந்தது. சரி, ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம் என்று, பழக்கதோஷத்தில் பழைய கணக்கு ஒன்றை எடுத்தேன். 50 பைசாவும் 25 பைசாவும் கலந்து ஒரு பையில் 40 காசு இருக்கிறது என்று ஆரம்பித்தேன்.

"25 பைசாவா? அப்படின்னா என்ன தாத்தா?"

2011 ஜூன் மாதத்தோடு 25 பைசா செல்லாமல் போனது. அவள் பிறந்ததும் அந்த வருஷம்தான். என் கணக்குகள் எல்லாமே செல்லாக்காசாகிவிட்டன என்று எனக்குள் சிரித்துக்கொண்டு வேறு கணக்குச் சொன்னேன். ஒரு வண்டி ஸ்டாண்டில் பைக்கும் ஆட்டோவும் சேர்த்து 20 வண்டி. மொத்தம் 46 சக்கரம். ஆட்டோ எத்தனை, பைக் எத்தனை?

நான் எதிர்பார்த்தது, அவள் எக்ஸ் ஒய் என்று எழுத ஆரம்பிப்பாள் என்று. அவள் பேனாவைத் தொடவே இல்லை. மேலே மின்விசிறியைப் பார்த்தாள்.

"எல்லாமே பைக்குன்னா 40 சக்கரம் தாத்தா. 6 மிச்சம் இருக்கு. ஒவ்வொரு ஆட்டோவுக்கும் ஒரு சக்கரம் ஜாஸ்தி. அப்ப 6 ஆட்டோ. 14 பைக்."

சரியான விடை. நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்ல வந்தேன் தெரியுமா? "விடை இருக்கட்டும், முறை எங்கே?" நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அப்போதுதான் அவன் ஞாபகம் வந்தது. முப்பத்தைந்து வருஷமாக நான் நினைக்காத, நினைக்கக்கூடாது என்று ஒதுக்கி வைத்திருந்த ஒரு பையன். "கரெக்ட் கண்ணு, ரொம்ப கரெக்ட்" என்று சொல்லிவிட்டு, கண்ணாடியைத் துடைக்கிற மாதிரிக் கொஞ்ச நேரம் போனைக் கீழே வைத்துவிட்டேன்.

அவனைப் பற்றிச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

1990. ஒட்டன்சத்திரம் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடம். எனக்கு முப்பத்தோரு வயது. மீசை முழுக்கக் கறுப்பு. கணக்கு வாத்தியார் என்றால் பையன்கள் நடுங்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்த வயது. ஒன்பதாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் அவன் இருந்தான். வீட்டில் ஆறேழு ஆடு. காலையில் அவற்றை ஓட்டிக் கட்டிவிட்டுத்தான் பள்ளிக்கு வருவான். அம்மா பஸ் நிறுத்தத்தில் பூக்கட்டி விற்பவர்.

அரையாண்டுத் தேர்வில் ஒரு கணக்குக் கொடுத்திருந்தேன். ஆடும் கோழியும் சேர்ந்து 30 தலை, 84 கால், ஆடு எத்தனை, கோழி எத்தனை என்று. உங்களில் எல்லோரும் போட்டிருப்பீர்கள். அவன் விடைத்தாளில் எக்ஸ் இல்லை, ஒய் இல்லை. அவன் எழுதியிருந்ததன் சாரம் இது: எல்லா ஆடும் முன்னங்காலைத் தூக்கி வேலியில் வைத்துக்கொண்டு தழை தின்கிறது. இப்போது ஆட்டுக்கும் இரண்டு கால், கோழிக்கும் இரண்டு கால்தான் தரையில். 30 தலைக்கு 60 கால் தரையில் இருக்கும். 84இல் 60 போனால் 24 கால் வேலிமேல். ஒரு ஆட்டுக்கு வேலிமேல் 2 கால். ஆகவே 12 ஆடு. 18 கோழி.

ஆடு வளர்த்தவர்களுக்குத் தெரியும், எட்டாத கிளையைக் கண்டால் அது பின்னங்காலில் எழுந்து நிற்கும். அவன் தினமும் காலையில் பார்த்ததை எழுதியிருக்கிறான். ஒரு பிசகு இல்லை.

விடைத்தாள் கொடுத்த அன்று நான் என்ன செய்தேன் தெரியுமா? அதை வகுப்பில் எழுந்து நின்று படித்துக் காட்டினேன். முன்னங்காலைத் தூக்கிக் காட்டி, ஆடு மாதிரியே செய்து காட்டினேன். வகுப்பே உருண்டு சிரித்தது. "இது கணக்குப் பரீட்சையா, தமிழ்ப் பரீட்சையாடா? கதை எழுதுறியா?" என்று கேட்டேன். அஞ்சுக்குப் பூஜ்யம். சிவப்பு மையில் பெரிதாக, 'முறை எங்கே?'

அன்றைய வகுப்பில் இருந்த ஒருசிலர் இந்தப் பதிவை வாசிப்பீர்கள். நீங்கள் சிரித்தீர்கள். சிரிக்க வைத்தது நான். உங்கள் மேல் தப்பில்லை.

1991 ஏப்ரலில் முழு ஆண்டுத் தேர்வு. மறுபடி அதே வகைக் கணக்கு, இந்தத் தடவை காசு. நான் பேத்தியிடம் சொல்ல ஆரம்பித்தேனே, அதே கணக்கு. 40 காசு, மொத்தம் 14 ரூபாய், 50 பைசா எத்தனை, 25 பைசா எத்தனை. அவன் இந்தத் தடவை ஆட்டை எழுதவில்லை, பயந்திருப்பான். ஆனால் எக்ஸ் ஒய்யும் எழுதவில்லை. எல்லாம் 25 பைசா என்றால் 10 ரூபாய். 4 ரூபாய் குறைகிறது. ஒரு காசை எடுத்துவிட்டு 50 பைசா வைத்தால் 25 பைசா கூடும். 4 ரூபாய்க்கு 16 காசு மாற்ற வேண்டும். 50 பைசா 16, 25 பைசா 24. மூன்றே வரி. அம்மாவின் பூக்கூடையில் ராத்திரி காசு எண்ணுகிற பிள்ளைக்கு அது மூன்று வரிதானே.

அதற்கும் பூஜ்யம் போட்டேன்.

மொத்தம் 31 வந்தது. பாஸ் மார்க் 35. மற்றப் பாடங்கள் எல்லாவற்றிலும் தேறியிருந்தான். மே மாதம் அவனுடைய அக்கா பள்ளிக்கூடத்துக்கு வந்தாள், அவளுக்கே பதினெட்டு வயதுதான் இருக்கும். "நாலு மார்க்தானே சார்" என்றாள். எனக்கு இன்றைக்கும் நன்றாக ஞாபகம் இருக்கிறது, நான் ரிஜிஸ்டரிலிருந்து தலையைத் தூக்காமல், "ஆளுக்கொரு நியாயம் கிடையாதும்மா" என்றேன். அவள் போய்விட்டாள். ஜூனில் அவன் வரவில்லை.

அந்த ஒரு கணக்குக்கு அஞ்சு மார்க் போட்டிருந்தால் 36.

இதை நான் என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

சரி, பேத்தி தூங்கப் போன பிறகு நான் தூங்கவில்லை. ஒரு பழைய டைரியை எடுத்து, பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, இடது பக்கம் அவன் எழுதியதை எழுதினேன். வலது பக்கம் நான் அந்தக் காலத்தில் எதிர்பார்த்த 'முறை'யை எழுதினேன். நீங்களும் ஒரு தாளை எடுத்துக்கொண்டால் நல்லது.

50 பைசாக் காசு எக்ஸ், 25 பைசாக் காசு ஒய். எக்ஸ் + ஒய் = 40. இது முதல் சமன்பாடு. பைசாவில் கணக்கிட்டால் 50எக்ஸ் + 25ஒய் = 1400. இது இரண்டாவது. முதலாவதிலிருந்து ஒய் = 40 − எக்ஸ். இதை இரண்டாவதில் ஒய் இருக்கும் இடத்தில் வைக்கிறோம்.

50எக்ஸ் + 25(40 − எக்ஸ்) = 1400

அடைப்பைப் பிரித்தால்,

50எக்ஸ் + 1000 − 25எக்ஸ் = 1400

25எக்ஸ் = 400

எக்ஸ் = 16.

இப்போது நடுவில் வந்த அந்த 1000ஐப் பாருங்கள். அது எங்கிருந்து வந்தது? 25ஐ 40ஆல் பெருக்கியதால் வந்தது. அதாவது, நாற்பது காசும் 25 பைசாவாக இருந்தால் எவ்வளவோ அவ்வளவு. 'எல்லாம் 25 பைசா என்றால் 10 ரூபாய்' என்று அவன் எழுதினானே, அதே 10 ரூபாய். 1400இல் 1000 போக 400. அது அவன் சொன்ன 'குறைகிற 4 ரூபாய்'. 50எக்ஸில் 25எக்ஸ் போக மீதி 25எக்ஸ் இருக்கிறதே, அது 'ஒரு காசை மாற்றினால் 25 பைசா கூடும்'. கடைசியில் 400ஐ 25ஆல் வகுத்தது 'பதினாறு காசு மாற்ற வேண்டும்'.

வரிக்கு வரி ஒன்றுதான். அவன் எழுதியது கதை இல்லை. பிரதியிடல் முறையைத்தான் எழுதியிருக்கிறான், எழுத்துக்குப் பதில் பேச்சில். என்னுடைய எக்ஸ் என்ன செய்கிறது என்று எனக்கே தெரியாமல் நான் செய்துகொண்டிருந்த இடத்தில், அவன் ஒவ்வொரு படியிலும் கையில் என்ன இருக்கிறது என்று தெரிந்து செய்திருக்கிறான். ஆடு கணக்கையும் இதே மாதிரிப் போட்டுப் பாருங்கள், வேலிமேல் இருக்கும் அந்த 24 கால் எந்த வரியில் வருகிறது என்று தெரியும்.

ராத்திரி ஒன்றரை மணிக்கு டைரியை மூடிவிட்டு முற்றத்தில் போய் உட்கார்ந்திருந்தேன்.

பணி ஓய்வுக்குப் பிறகு கணித வரலாற்றுப் புத்தகங்கள் கொஞ்சம் படித்தேன். சீனத்தில் சுன்ட்சு என்பவர் பெயரில் உள்ள பழைய கணித நூலில் இதே மாதிரி ஒரு கணக்கு இருக்கிறது. ஒரே கூண்டில் காட்டுக்கோழியும் முயலும், 35 தலை, 94 கால். ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்குக் குறையாத கணக்கு. அதில் சொல்லும் வழி என்ன தெரியுமா? கால்களைப் பாதியாக்கு, 47. அதில் தலைகளைக் கழி, 12. முயல் 12, கோழி 23. யோசித்துப் பாருங்கள், கால்களைப் பாதியாக்குவது என்றால் கோழி ஒற்றைக் காலில் நிற்கிறது, முயல் இரண்டு காலில் எழுந்து நிற்கிறது. நம்ம பையனுடைய ஆட்டுக்குச் சித்தப்பா முறை. நம் நாட்டில் பாஸ்கராச்சாரியார் 1150இல் எழுதிய லீலாவதியில் இஷ்டகர்மம் என்று ஒரு வழி வருகிறது, நாமாக ஒரு எண்ணை வைத்துக்கொண்டு ஆரம்பித்து, வந்த விடையைக் கேட்ட தொகையோடு ஒப்பிட்டுச் சரிசெய்வது. அதே பாஸ்கராச்சாரியார் பீஜகணிதத்தில் தெரியாத எண்களுக்குக் கறுப்பு, நீலம், மஞ்சள், சிவப்பு என்று நிறங்களின் பெயரை வைத்தார். எக்ஸ், ஒய், இசட் எல்லாம் 1637இல் டெகார்த்தே எழுதிய புத்தகத்துக்குப் பிறகு பரவியவை. நான் என்னவோ எக்ஸ் இல்லாமல் கணக்கே கிடையாது என்று ஒரு பிள்ளையைச் சிரிப்புக்கு ஆளாக்கினேன்.

அதற்காக முறையே வேண்டாம் என்று சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். மறுநாள் காலை பேத்திக்கு இன்னொரு கணக்கு அனுப்பினேன். 3 டீ, 2 வடை 56 ரூபாய். 2 டீ, 5 வடை 74 ரூபாய். டீ எவ்வளவு, வடை எவ்வளவு? "எல்லாமே டீன்னு வச்சுக்க முடியலையே தாத்தா" என்று திரும்ப அனுப்பினாள். அதுதான். சக்கரக் கணக்கில் மொத்த எண்ணிக்கை தெரியும், அதனால் 'எல்லாம் இதுவே' என்று ஆரம்பிக்கலாம். இங்கே அந்தப் பிடி இல்லை. இந்த இடத்தில்தான் எழுத்து உதவிக்கு வருகிறது. முதல் பில்லை வைத்து, வடை = (56 − 3டீ) / 2 என்று வடைக்கு இன்னொரு பெயர் கண்டுபிடித்து, இரண்டாவது பில்லில் அதை வைத்தால், 2டீ + 5(56 − 3டீ) / 2 = 74. எல்லாவற்றையும் 2ஆல் பெருக்கினால் 4டீ + 280 − 15டீ = 148. 11டீ = 132. டீ 12 ரூபாய், வடை 10 ரூபாய். மனதுக்குள் இதைப் போடுவது கஷ்டம், எழுதினால் நாலு வரி. ஆனால் பின்னம் வருகிற இடத்தில் பிரதியிடல் கொஞ்சம் அடம்பிடிக்கும், அங்கே நீக்கல் முறை சுலபம். 'ஒன்று இருக்கும் இடத்தில் கை வை' என்று வகுப்பில் கத்துவேனே, கெழு ஒன்றாக இருக்கிற எழுத்தைத் தனியாகப் பிரித்தால் பின்னம் வராது என்பதற்காகத்தான்.

இன்னொன்றும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அடைப்புக்குறி போடாமல் 25 × 40 − எக்ஸ் என்று எழுதிவிட்டு, 1000 − எக்ஸ் என்று போகிறவர்களுக்கு நான் தாளில் எழுதுவது: 'அத்தைக்கு இலை எங்கே?' மாமா குடும்பத்துக்கு இலை போடு என்றால் மாமாவுக்கு மட்டும் போட்டுவிட்டு அத்தையை நிற்க வைப்பாயா, 25 உள்ளே இருக்கிற இரண்டு பேருக்கும் போக வேண்டும் என்று. இதை இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறீர்கள், கல்யாண வீடுகளில் என்னைப் பார்த்தால் இலையைக் காட்டுகிறீர்கள். நல்லதைத்தான் ஞாபகம் வைத்திருக்கிறீர்கள். கதை எழுதியவனை யாரும் ஞாபகப்படுத்தவில்லை.

முதல் சமன்பாட்டிலிருந்து பிரித்ததை முதல் சமன்பாட்டிலேயே வைத்துவிட்டு, 40 = 40 என்று வந்து விழிப்பவர்களும் உண்டு. பேத்தியும் அதைச் செய்தாள். "உன் வீட்டுச் சேதியை உன் வீட்டிலேயே விசாரிச்சா புதுசா என்ன தெரியும், அடுத்த வீட்டுக்குப் போ" என்றேன். டெஸ்டில் 25க்கு 21 வாங்கினாள். அது போகட்டும்.

அவனைத் தேட ஆரம்பித்தேன். 92 பேட்ச் வாட்ஸாப் குழுவில் கேட்டால் அவன் எண் இல்லை. பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்குத்தான் குழு, ஒன்பதோடு நின்றவர்களை யாருக்கும் சேர்க்கத் தோன்றவில்லை. லாரி புக்கிங் வைத்திருக்கும் உங்கள் வகுப்புத் தோழர் ஒருவர்தான், "அவன் இங்க மார்க்கெட்லதான் சார் இருக்கான், கமிஷன் மண்டியில கணக்கு பாக்கறான்" என்றார். கணக்குப் பார்க்கிறான்!

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு மத்தியானம் இரண்டு மணி சுமாருக்குப் போனேன். கூட்டம் கொஞ்சம் ஓய்ந்திருந்தது. தலையெல்லாம் நரைத்த ஒரு ஆள், சாக்கு மூட்டைகளுக்கு நடுவில் மர மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். நான் பேர் சொன்னதும் எழுந்துவிட்டார். தோளில் இருந்த துண்டால் நாற்காலியைத் துடைத்தார். ஐம்பது வயதை நெருங்கும் மனிதரை 'வா போ' என்று பேசுவது எப்படி என்று நான் தயங்க, "என்ன சார் புதுசா மரியாதை? வா போன்னே சொல்லுங்க" என்றான். அதனால் அவன் என்றே எழுதுகிறேன்.

டீ வந்தது. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் டைரியை எடுத்து மேசைமேல் வைத்தேன். நடுவில் கோடு போட்ட அந்தப் பக்கம். இடது பக்கத்தைப் படித்தான். சிரித்தான். "ஆமா சார், பூக்கூடைக் காசு" என்றான். வலது பக்கத்தை விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டே வந்தான். அந்த 1000இல் விரல் நின்றது.

"இது அந்தப் பத்து ரூபாயா சார்?"

"ஆமாப்பா."

"இதை அன்னிக்கே சொல்லியிருந்தா எனக்கு எக்ஸ் புரிஞ்சிருக்குமே சார்."

குற்றம் சாட்டுகிற குரலில் சொல்லவில்லை. ஏதோ தொலைந்த சாவி கிடைத்த மாதிரிச் சொன்னான். எனக்குத்தான் டீ இறங்கவில்லை.

நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். அந்த அஞ்சு மார்க், 31, 36, அக்கா வந்தது, நான் தலை தூக்காதது, எல்லாம். மன்னித்துக்கொள் என்று கேட்டேன். அவன் கொஞ்ச நேரம் சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தான்.

"அந்த மார்க்கெல்லாம் எனக்கு ஞாபகமே இல்லை சார். பாஸ் ஆகியிருந்தாலும் நான் நின்னுதான் இருப்பேன். அப்பா திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனாரு, நானும் கூடப் போயிட்டேன். பத்து வருஷம் அங்கதான்." இது உண்மையா, கிழவன் மனசு கஷ்டப்படக் கூடாது என்று சொன்னதா, எனக்குத் தெரியவில்லை. பிறகு, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "ஆனா அந்த மூணு நாலு மாசம் எல்லாரும் என்னைக் கதை கதைன்னுதான் சார் கூப்பிட்டாங்க. தண்ணி குடிக்கப் போனாக்கூட. அதுதான் ஞாபகம் இருக்கு" என்றான்.

அந்தப் பட்டப்பெயர் எனக்குத் தெரியவே தெரியாது. நான் வகுப்பை விட்டு வெளியே போனதும் என் சிரிப்பும் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

பேச்சு எங்கெங்கோ போனது. அக்கா பழனியில் இருக்கிறாளாம், பேரன் எடுத்துவிட்டாள். அவனுக்கு இரண்டு பிள்ளைகள், பெரியவன் பாலிடெக்னிக், சின்னவள் ஒன்பதாம் வகுப்பு. கணக்கு எப்படிப் போடுகிறாள் என்று கேட்டேன். "என்னை மாதிரித்தான் சார், எழுத மாட்டா" என்றான்.

நடுவில் ஒரு பையன் எடை மேடைச் சீட்டைக் கொண்டுவந்து கொடுத்தான். கேரளாவுக்குப் போகிற லாரி. அவன் சீட்டைப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினான். "நீங்க போடுங்க சார் பாப்போம். 50 கிலோ மூட்டையும் 60 கிலோ மூட்டையும் கலந்து 110 மூட்டை. மூட்டைகளோட எடை 5 டன் 900." நான் சட்டைப்பையில் பேனாவைத் தேடினேன். பேனா கையில் வருவதற்குள், "எல்லாம் சின்னதுன்னா 5 டன் 500. 400 கிலோ கூட. 40 பெரிய மூட்டை, 70 சின்ன மூட்டை" என்று சீட்டின் பின்னால் குறித்துவிட்டான்.

அதோடு விடவில்லை. "நிஜத்துல இப்படிச் சுத்தமா வராது சார். மூட்டைக்கு அரைக் கிலோ முன்னப் பின்ன இருக்கும். 38, 42ன்னு வந்தா ஒண்ணுமில்லை. 30ன்னு வந்தா எவனோ மூட்டையை மாத்தி ஏத்திட்டான்னு அர்த்தம். எறங்கிப் போய் எண்ணணும்" என்றான். முப்பத்து நாலு வருஷம் இந்தப் பாடத்தை நடத்தியிருக்கிறேன். விடை எந்த அளவுக்குப் பிசகலாம், எப்போது சந்தேகப்பட வேண்டும் என்று ஒரு நாளும் நடத்தியதில்லை.

கிளம்பும்போது பஸ் நிறுத்தம் வரை வந்தான். முழங்கால் வலி என்று சொன்னதும் என் பையை வாங்கிக்கொண்டான். இதையெல்லாம் முகநூலில் எழுதலாமா, பழைய பிள்ளைகள் எல்லாம் படிப்பார்கள், உனக்குச் சங்கடமாக இருக்குமா என்று கேட்டேன். யோசித்தான். பழனி பஸ் வந்து நின்றது, அது என் பஸ் இல்லை.

"எழுதுங்க சார். என் பேரை மட்டும் போடாதீங்க" என்றான். அப்புறம் சிரித்துக்கொண்டே, "ஆட்டைப் போட்டுக்கங்க" என்றான்.